ஒரு கடைக்கு ஒரே சமையல்

சிங்கப்பூரில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த அறையில் கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, சமையலுக்கு மட்டும் அனுமதி இல்லை. வீட்டுக்காரச் சீன அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்: வெந்நீர் வைத்துக்கொள்ளலாம், மேகி போட்டுக்கொள்ளலாம், தாளிப்பு கூடாது. அந்த ஊர் அறை வாடகை விளம்பரங்களில் ‘சமையல் கூடாது’ என்ற வரி சர்வ சாதாரணம். என் அம்மா ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தீர்ந்த பிறகு, மூன்று வேளையும் வெளியில்தான் என்று ஆகிவிட்டது. நல்லவேளையாக, நடந்து போகிற தூரத்தில் ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடி இருந்தது.

அந்தச் சாலைக்குப் பெயர் தந்த விமான நிலையம் காலாங்கில் இருந்தது. 1937-ல் திறந்து 1955-ல் மூடப்பட்டது. அங்கே வந்திறங்கிய டகோட்டா விமானங்களின் பெயரைப் பக்கத்துத் தெருவுக்கு வைத்தார்கள். 2010 ஏப்ரலில் வட்டப்பாதை ரயில் வந்தபோது நிலையத்துக்கும் அதே பெயர். நான் குடிபோனபோது ரயில் வரவில்லை. பேருந்தில் இறங்கி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் வழியாக நடந்து வந்தால், வாசனைதான் முதலில் எதிர்ப்படும். வெங்காயம் கருகும் வாசனை, இறால் தலை கொதிக்கும் வாசனை, எங்கோ சர்க்கரை தீயும் வாசனை. குளிர்சாதனம் கிடையாது. மேலே மின்விசிறிகள், கீழே தரையோடு பதித்த மேசைகள், வரிசை வரிசையாகக் கடைகள். நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் இருக்கும். சனிக்கிழமை இரவில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எனக்கு அங்கே சாப்பிடச் சொல்லிக்கொடுத்தவர் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஓர் அண்ணன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். “தம்பி, முதல்ல டிஷ்யூவ போடு” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து, காலியாக இருந்த மேசையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே போன எனக்குத் திக்கென்றது. ஊரில் பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன் நான். துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காருபவர்களையும் பார்த்தவன். அங்கே அந்தப் பொட்டலத்தை ஒருவரும் தொடுவதில்லை. பலரும் தேடி அலைகிற மேசையை ஒரு காகிதப் பொட்டலம் காவல் காக்கிறது. சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

“வரிசை நிக்கிற கடையில சாப்பிடு. ஆனா வரிசையில யாரு நிக்கிறாங்கன்னு பாரு. அக்கம்பக்கத்து ஆளுங்க, செருப்புப் போட்டுக்கிட்டு நின்னா நல்ல கடை. எல்லார் கையிலயும் கேமரா இருந்தா வேற கடை பாரு.” இது அவருடைய இரண்டாவது பாடம். மூன்றாவது பாடம், ஒரே கடையில் எல்லாவற்றையும் கேட்காதே என்பது.

இந்த மூன்றாவது பாடம்தான் எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. நம் ஊர் ஓட்டலில் சுவர்ப் பலகையில் அறுபது அயிட்டம் எழுதியிருக்கும். சர்வர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அங்கே ஒரு கடை என்றால் பெரும்பாலும் ஒரே சமையல். கோழிச் சோறு போடுகிறவர் கோழிச் சோறுதான் போடுவார். மீன்பந்து நூடுல்ஸ்காரர் அதைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார். இருபது, முப்பது வருடம் ஒரே பதார்த்தத்தைச் செய்கிற கைக்கு ஒரு வேகமும் ஒரு நிச்சயமும் வந்துவிடுகின்றன. அந்தக் கையை வேடிக்கை பார்க்கவே நான் வரிசையில் நின்றிருக்கிறேன்.

ஹொக்கியன் மீ கடைக்காரரைச் சொல்கிறேன். மஞ்சள் நூடுல்ஸையும் தடித்த அரிசிச் சேமியாவையும் பெரிய இரும்புச் சட்டியில் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிப் புரட்டுவார். பிறகு இறால் தலையும் பன்றி எலும்பும் மணிக்கணக்கில் கொதித்த சாற்றை அகப்பை அகப்பையாக ஊற்றி மூடி வைப்பார். நூடுல்ஸ் அந்தச் சாற்றைக் குடித்து முடிக்கிற நேரம் அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். மூடியைத் திறந்து பார்க்காமலே தீயைக் குறைப்பார். கணவாய், இறால், ஓரத்தில் ஒரு கரண்டி சம்பால், பாதி வெட்டிய குட்டி எலுமிச்சை. தட்டு வரும்போது நிறமே இல்லாமல் வெளிறிப் போயிருக்கும். காரமும் நிறமும் கண்டு பழகிய எனக்கு, இதில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றியது. வாயில் வைத்ததும், கண்ணுக்குத் தெரியாத கடல் முழுக்க அந்தச் சாற்றில் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் உண்டு. அதற்கு மேல் போனதில்லை. அங்கே போய்த்தான் நான் பன்றி சாப்பிட்டேன். அதில் எனக்குப் பெரிய மனப் போராட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வேண்டாம் என்கிறவர்களை அந்தக் கடைக்காரர்கள் எப்படி மதித்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். அகல அரிசி நூடுல்ஸைக் கரும் சோயாவும் சிப்பிச் சதையும் சேர்த்து வறுக்கிற சார் குவே தியாவ் கடையில், எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பன்றி இல்லாமல் கிடைக்குமா என்று கேட்டார். கடைக்கார அம்மாள் கரண்டியைக் காட்டித் தலையை ஆட்டினார். “கேன்னாட் லா. ஆயில் ஆல்சோ போர்க்.” இறைச்சித் துண்டை விலக்கிக் கொடுத்துவிட்டு மூன்று வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வாங்கியிருக்கலாம். வறுக்கிற கொழுப்பே பன்றிதான் என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டார். ஹலால் தட்டுகளும் மற்றத் தட்டுகளும் நிறத்திலேயே வேறுபட்டிருக்கும். கலக்காமல் எடுத்து அடுக்குவார்கள். ஒரே மேசையில் முக்காடு போட்ட மலாய்ப் பெண்ணும் பன்றி நூடுல்ஸ் சாப்பிடும் சீனத் தோழியும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அவரவர் தட்டு அவரவருக்கு. பேச்சு மட்டும் பொது.

கோழிச் சோறு ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் கொடை. பார்வைக்கு அதைப் போல ஏமாற்றம் தருகிற சாப்பாடு கிடையாது: வெள்ளைக் கோழி, வெள்ளைச் சோறு, வெள்ளரிக்காய். கோழியைக் கொதிக்க விடாமல், தளதளவென்று வருவதற்கு முன்னமே தீயை அடக்கி வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துகிறார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே சாறு உறைந்து நிற்பது அதனால்தான். அசல் வேலை சோற்றில் இருக்கிறது. கோழிக் கொழுப்பில் பூண்டும் இஞ்சியும் வதக்கி, அரிசியைப் புரட்டி, கோழி வெந்த நீரையே ஊற்றி, ரம்பை இலை போட்டு வேகவைப்பார்கள். மிளகாய்ச் சட்னி, இஞ்சி விழுது, கெட்டிச் சோயா மூன்றும் பக்கத்தில். கோழி இல்லாமல் அந்தச் சோற்றை மட்டும் வாங்கிச் சாப்பிட்ட மாதக் கடைசிகள் எனக்கு உண்டு.

சீன ரொஜாக்கில் வெள்ளரி, அன்னாசி, வறுத்த மாவுக்குச்சி, பொரித்த தோஃபு எல்லாவற்றையும் வெட்டி, கருப்பான இறால் விழுதில் புளியும் சர்க்கரையும் சேர்த்துப் பிரட்டி, மேலே இடித்த வேர்க்கடலையைத் தூவுகிறார்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு, நாற்றம் என்று ஒவ்வொன்றாக நாக்கில் ஏறும். லக்சாவில் தேங்காய்ப்பாலும் காய்ந்த இறாலும் சேர்ந்து நம் ஊர்க் கறிக் குழம்பை நினைக்க வைக்கும். மேலே தூவுகிற இலையின் மணம் மட்டும் நமக்குப் புதிது.

குடிப்பதற்குத் தனிப் பாஷை. கும்பகோணம் பக்கத்துக்காரனான எனக்குக் காப்பி விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. அங்கே கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கரியாக வறுக்கிறார்கள். நீண்ட துணிப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, தூக்கித் தூக்கி வடிக்கிறார்கள். அது டிகிரி காப்பிக்குப் பங்காளி இல்லை, வேறு குடும்பம். ‘கோப்பி’ என்றால் கெட்டிப் பாலும் சர்க்கரையும். ‘கோப்பி ஓ’ பால் இல்லாதது. ‘கோப்பி சி’ என்றால் சுண்டிய பால். ‘கொசொங்’ சேர்த்தால் சர்க்கரை கிடையாது, ‘சியூ தாய்’ என்றால் குறைந்த சர்க்கரை, ‘காவ்’ என்றால் கெட்டி, ‘பெங்’ என்றால் பனிக்கட்டி. ஹொக்கியன், மலாய், கண்டோனீஸ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் நெரிசலாக உட்கார்ந்திருக்கும். ‘கோப்பி சி கொசொங் காவ்’ என்று நான் தடங்கலில்லாமல் சொன்ன அன்று, பானக்கடைத் தாத்தா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். குடியுரிமை கொடுத்தது மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா உணவங்காடி. அங்கே ஊர்ச் சாப்பாட்டைத் தேடிப் போனவனுக்கு, ஊரில் இல்லாத நம் சாப்பாடு கிடைத்தது. மீ கோரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸ், மலாய்ப் பெயர், செய்கிறவர் தமிழ் முஸ்லிம் பாய். மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுச் சிவக்கச் சிவக்கப் புரட்டுகிறார். சென்னையிலும் கிடையாது, சீனாவிலும் கிடையாது. இந்திய ரொஜாக் கடையில் கண்ணாடிக்குள் வடை, உருளை, முட்டை, தோஃபு, தெம்பே, இறால் பதித்த மாவுப் பலகாரம் எல்லாம் அடுக்கியிருக்கும். வேண்டியதைத் தட்டில் எடுத்துக் கொடுத்தால், மறுபடி பொரித்து, துண்டுபோட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்போடு தருவார்கள். அந்தத் தொழிலில் இறங்கிய முன்னோடிகளில் பலர் வேதாரண்யத்தை அடுத்த தோப்புத்துறையிலிருந்து போனவர்கள். தோப்புத்துறை எங்கள் பக்கத்து ஊர் மாதிரிதான். அங்கே நான் ஒருநாளும் ரொஜாக்கைக் கண்டதில்லை.

பீச் ரோட்டு உணவங்காடியில் சூப் துலாங் என்று ஒன்று. ஆட்டுக்கால் எலும்புகளைச் சிவப்பான கெட்டிக் குழம்பில் போட்டுத் தருகிறார்கள். கூடவே ஓர் உறிஞ்சுகுழல். எலும்பைத் தட்டில் தட்டி, குழலை விட்டு மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும். முழங்கை வரை சிவப்பு வழியும். அதுவும் நம் ஆட்களின் கண்டுபிடிப்பு. கப்பலேறிப் போனவர்கள் ஊர்ச் சமையலைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரனிடம் நூடுல்ஸை வாங்கி, எதிர்க்கடைக்காரனுக்குப் பிடிக்கிற மாதிரி சர்க்கரையைக் கூட்டி, புதிதாக ஒன்றைச் செய்து விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ச் சமையலில் நம் பங்கு இட்லி தோசையோடு நிற்கவில்லை.

அம்மா ஒரு முறை வந்திருந்தார். வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் கவிச்சி தொடாதவர். சரியாக ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரை ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். கிண்ணங்களில் ஆவியில் வெந்த சுவீ குவே மாவை, குழி விழுந்த குட்டி இட்லி என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். மேலே போடுகிற முள்ளங்கி ஊறுகாயைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம் என்றதும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அப்புறம் சீனர்களின் சைவக் கடையைக் காட்டினேன். புத்த மதத்தார் நடத்துகிற அந்த மாதிரிக் கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அம்மாவுக்கு அது பெரிய ஆச்சரியம். “நம்மளவிட ஆசாரமால்ல இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே வறுத்த சேமியாவும் முட்டைக்கோஸும் முழுத் தட்டையும் முடித்தார். பிறகு சோயா தயிர் ஒரு கிண்ணம். ஊருக்குத் திரும்பி, சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் கடையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். நான் இருந்த காலத்தில் ஒரு தட்டு இரண்டரை, மூன்று வெள்ளி. வெள்ளிக்கு முப்பது சொச்சம் ரூபாய் என்று பெருக்கிப் பார்த்து ஆரம்பத்தில் பெருமூச்சு விடுவேன். அங்கே சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான், அந்த ஊர் வாழ்க்கைச் செலவில் அது எவ்வளவு மலிவு என்று புரிந்தது. அந்த மலிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு இந்தக் கடைக்காரர்கள் எல்லாரும் தெருவோர வண்டிக்காரர்கள். தண்ணீர்க் குழாய் கிடையாது. எச்சில் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போனது. 1968, 69-ல் தீவு முழுக்கக் கணக்கெடுத்து, சுமார் 18,000 பேரைப் பதிவு செய்தார்கள். 1971 தொடங்கி 1986-க்குள், குழாயும் மின்சாரமும் கழிவுநீர்ப் பாதையும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி, தெருவிலிருந்து அவர்களைக் குடியேற்றினார்கள். அப்படி வந்த முதல் தலைமுறைக்கு மிகக் குறைந்த வாடகை. பின்னால் வந்தவர்கள் ஏலத்தில் கேட்டு எடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒருவர் சில நூறு வெள்ளி கட்டுவார், இன்னொருவர் சில ஆயிரம் கட்டுவார். தட்டின் விலையோ ஏறத்தாழ ஒன்றுதான். கூட்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

மீதி மலிவு உடம்பிலிருந்து வந்தது. நான் வழக்கமாகப் போன லோர் மீ கடையை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். மாவு கரைத்துக் கெட்டியாக்கிய கருங்குழம்பில் நூடுல்ஸ், மேலே பச்சைப் பூண்டு, கருப்பு வினிகர், மிளகாய். விடியுமுன்னே வந்து குழம்பு வைத்தால்தான் காலைக் கூட்டத்துக்கு ஆகும். மதியம் குழம்பு தீர்ந்ததும் கடை மூடிவிடும். அந்த அம்மாளின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். மகன் பொறியாளர் என்று ஒருநாள் சொன்னார். கடைக்கு வருவாரா என்று கேட்டேன். கையை வேகமாக ஆட்டினார். “ஒய் ஹீ கம்? ஐ வொர்க் சோ ஹீ நோ நீட் கம்.” குரலில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. அவன் இங்கே வரக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை வருடம் கிண்டினேன் என்கிற பெருமை. உணவங்காடிக்காரர்களுக்குச் சராசரியாக அறுபது வயதாகிவிட்டது, அடுத்த தலைமுறை வரவில்லை என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் அந்தக் கையாட்டல்தான் என் நினைவுக்கு வரும்.

2016-ல், உணவகங்களுக்குத் தரம் சொல்லும் மிச்செலின் வழிகாட்டி இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம், இவ்வளவு குறைந்த விலையில் நட்சத்திரச் சாப்பாடா என்று வியந்தன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ, சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் வியந்தவர்கள் விலையைத்தான் வியந்தார்கள். அந்த விலைக்கு ஒரு தட்டைக் கொடுக்க ஒருவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் வேலையாகப் போனபோது மறுபடி அங்கே சாப்பிட்டேன். இப்போது தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை அபராதம். முன்பெல்லாம் வயதான துப்புரவாளர்கள் தள்ளுவண்டியோடு மேசை மேசையாக அலைவார்கள். அந்த வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. கைப்பேசியில் பணம் கட்டுகிறார்கள். ஒரு நூடுல்ஸ் கடையில் முப்பது வயதுக்குள் இருக்கிற தம்பதி நின்றார்கள். பட்டம் படித்துவிட்டு வந்தவர்களாம். தட்டு ஆறு வெள்ளி. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் விலையைப் பார்த்து முணுமுணுத்தார். அவரே அந்தக் கட்டடத்தைத் தாண்டி, குளிர்சாதனக் கடையில் அதே ஆறு வெள்ளிக்கு ஒரு காப்பி குடிக்கத் தயங்க மாட்டார்.

ஒரு கடைக்கு ஒரே சமையல் என்பது அழகான ஏற்பாடு. ஆனால் ஒருவர் தன் ஆயுளை அந்த ஒன்றுக்கே கொடுத்தால்தான் அது நடக்கும். பட்டியலில் சேர்ப்பதால் அந்த ஆயுள் கிடைத்துவிடாது. அந்தத் தம்பதிக்குக் கட்டுப்படியாகிற விலை கிடைத்தால் அவர்கள் இருப்பார்கள்; கிடைக்காவிட்டால் ஏலத்தவணை முடிந்ததும் போய்விடுவார்கள். அவ்வளவுதான் கணக்கு.

சிங்கப்பூர் போகிறவர்கள் முஸ்தபா கடைக்கும் செந்தோசாத் தீவுக்கும் போய்விட்டு, மூன்று வேளையும் சரவண பவனைத் தேடாதீர்கள். ஒரு வார நாள் காலையில் டகோட்டாவில் இறங்குங்கள். திங்கட்கிழமை வேண்டாம், நிறையக் கடைகள் விடுமுறை. மூன்று, நான்கு பேராகப் போனால் ஆளுக்கொரு கடையில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். வேண்டாத இறைச்சியைத் தயங்காமல் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள். சாப்பிட்டதும் தட்டை எடுத்து வையுங்கள். விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.